'சாது' என்கிற சொல்

1

தமிழில் மிகச் சுலபமாக வழங்கப்படும் நற்சான்றுகளில் ஒன்று 'சாது' என்பது. மாட்டுக்கு, மருமகளுக்கு, குமாஸ்தாவுக்கு, நாய்க்கு என்று பேதம் பாராமல் வழங்கிவிடுகிறோம். பெறுபவரிடம் என்ன இருக்கிறது என்பது பற்றி இச்சொல் எதுவும் சொல்வதில்லை. அவரால் நமக்கு என்ன நேராது என்பதை மட்டும் சொல்கிறது. முட்டாது, எதிர்த்துப் பேசமாட்டாள், சம்பள உயர்வு கேட்கமாட்டான், கடிக்காது. துறவியைக் குறித்த ஒரு சொல் தொந்தரவு தராத பிராணியைக் குறிக்க இறங்கி வந்த வழியை மொழிநூலார் ஆராயட்டும். ஒரு சொல் ஒரு ஜீவனைப் பார்க்கவிடாமல் எவ்விதம் நம் கண்ணை மறைத்து நிற்கிறது என்பதும், அந்தச் சொல்லை அகற்றிவிட்டுப் பார்ப்பது ஒரு தார்மீகச் செயல் ஆகுமா என்பதும்தான் என் பிரச்னை.

இதை ஒரு நாயை முன்வைத்துப் பேசப் போகிறேன். மனிதன் பட்டினி கிடக்கும் நாட்டில் நாயைப் பற்றி என்ன விசாரம் என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களில் எவரும் பட்டினி கிடப்பவனுக்காக அன்று காலை ஏதாவது செய்துவிட்டு வந்து இதைக் கேட்டதாக நினைவில்லை. கருணை என்பது ஒரு குறிப்பிட்ட அளவே கையிருப்பில் உள்ள சரக்கு, நாய்க்கு எடுத்தால் மனிதனுக்குக் குறைந்துவிடும் என்பது கணக்குப்பிள்ளை மனோபாவம். நானே வங்கிக் குமாஸ்தா என்பதால் இந்த மனோபாவத்தின் கவர்ச்சி எனக்குத் தெரியும். ஆனால் பார்க்கும் பழக்கம் பற்றுவரவில் அடங்குவதில்லை. ஓரிடத்தில் கூர்மைப்பட்ட கண் இன்னோரிடத்தில் மழுங்கிப்போக வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. (மழுங்கிப்போவதும் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.)

நகரத்தின் தெற்கு விளிம்பில் உள்ள ஒரு நாய்க் காப்பகத்துக்கு இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வருகிறேன். அடிபட்டதைத் தூக்கி வருபவன், மருத்துவம் தெரிந்தவன் என்ற பெருமைகள் எனக்கில்லை. 'எழுதுகிறவர்' என்று தெரிந்ததால் அங்கே எனக்குக் கிடைத்த வேலை, தத்துக் கொடுக்க வேண்டிய நாய்களின் புகைப்படத்துக்குக் கீழே போட நாலு வரி எழுதித் தருவது. விமர்சனம் எழுதுகிறவனுக்கு இதைவிடக் கடுமையான பயிற்சி வாய்க்காது. ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி நான் பொய்யாக எழுதினால் ஒரு கவிஞர் ஒரு மாலைப் பொழுது சந்தோஷமாக இருப்பார். ஒரு நாயைப் பற்றிப் பொய்யாக எழுதினால் ஒரு குழந்தையின் கன்னத்தில் தையல் போட வேண்டி வரலாம்.

2

நான் சொல்லும் நாய் பெண். செம்பட்டை நிறம். மூன்று வயதிருக்கலாம். லாரியில் நசுங்கிய பின்னங்கால் ஒன்றை அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். அது கிடந்த தெருமுனை இப்போது மேம்பாலத்தின் அடியில் போய்விட்டது. பதினோரு மாதமாகக் காப்பகத்தில், அறையின் பின்சுவரோடு முதுகு ஒட்ட, முகத்தை மூலைக்குக் கொடுத்துக் கிடந்தது.

"ஒரு தொந்தரவும் குடுக்காது சார். ரொம்ப சாது. அது பாட்டுக்குக் கெடக்கும்" என்றார் அங்கே நாய்களுக்குச் சோறு வடிக்கும் அம்மாள். இந்த நாய்களுக்காகத் தூக்கத்தை இழந்தவர் அவர். அவர் பேச்சில் இருந்த அன்பைச் சந்தேகிக்க எனக்கு யோக்யதை கிடையாது. அந்த அன்புக்கும் நாய்க்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்ட சொல்லைத்தான் சந்தேகிக்கிறேன்.

சில ஞாயிறுகள் அந்தச் சொல்லை ஒதுக்கிவைத்துவிட்டு நாயைப் பார்த்தேன். முகம் மூலையில் இருந்தாலும் கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாக நம்மைப் பார்த்தபடியே இருக்கிறது. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுகிறது. தின்ன ஒன்றும் இல்லாதபோது மூக்கை நக்கிக்கொள்கிறது. வால் கவட்டுக்குள் போய் வயிற்றோடு ஒட்டியிருக்கிறது. நாம் அறையைத் தாண்டிப் போன பிறகுதான் தட்டின் பக்கம் வருகிறது. கையை நீட்டினால் உடம்பு கல்லாகிறது. தடவினால் தடவ விடுகிறது. வருகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான். 'எவ்வளவு பொறுமையாகத் தடவ விடுகிறது பாருங்கள்' என்கிறார்கள். அது விடுவதும் இல்லை, பொறுப்பதும் இல்லை. உடம்பை அங்கே போட்டுவிட்டு எங்கோ போயிருக்கிறது. நாம் தட்டிக்கொண்டிருப்பது ஆளில்லாத வீட்டின் கதவை.

இந்த உறைநிலையை நான் வேறிடத்தில் தினமும் பார்க்கிறேன். பாஸ்புத்தகத்தை மஞ்சள் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு கவுண்ட்டருக்கு முன் வந்து நிற்கும் கிழவிகள் இருக்கிறார்கள். 'நாளைக்கு வா' என்றால் போய்விடுவார்கள். 'இங்கே ரேகை வை' என்றால் வைப்பார்கள். எதற்கு என்று கேட்பதில்லை. கிளையில் எல்லோருக்கும் அவர்களைப் பிடிக்கும், ஏனென்றால் அவர்கள் சாது. ஸ்தாபனங்கள் உறைந்துபோனவர்களை விரும்புகின்றன. உறைவுக்கும் சம்மதத்துக்கும் வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரிவதில்லை என்பது ஸ்தாபனங்களுக்குப் பெரிய சௌகரியம்.

வித்தியாசம் தெரியாமலிருப்பதற்கு ஒரு எல்லையும் உண்டு. 'சாது மிரண்டால் காடு கொள்ளாது' என்ற பழமொழியைச் சாதுவின் மகிமையாக எடுத்துக்கொள்கிறோம். அதைப் பார்வையாளனின் அறியாமை பற்றிய வாக்கியமாகப் படித்தால் இன்னும் சரியாக இருக்கும். சாது திடீரென்று மிரள்வதில்லை. அது முதலிலிருந்தே மிரண்டுதான் இருந்தது. கொட்டாவியாகவும் மூக்கு நக்கலாகவும் ஓரக்கண்ணாகவும் அதைச் சொல்லிக்கொண்டும் இருந்தது. 'ஒண்ணுமே பண்ணாத நாய், என்னவோ திடீர்னு கடிச்சிடுச்சு' என்பவர்கள் சொல்வது நாயின் சரித்திரத்தை அல்ல, தாங்கள் படிக்காமல் விட்ட பக்கங்களின் எண்ணிக்கையை.

3

1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற இரு மாணவர்கள் செய்த பரிசோதனை உளவியல் படித்த எல்லோருக்கும் தெரியும். சில நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டது. தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நிற்கும். வேறு சில நாய்களுக்கு அதே அளவு அதிர்ச்சி; ஆனால் அவை என்ன செய்தாலும் அது நிற்காது. பிறகு எல்லா நாய்களையும் தாழ்வான ஒரு தடுப்பைத் தாண்டிக் குதித்தால் தப்பிவிடக்கூடிய பெட்டியில் விட்டார்கள். முதல் வகை நாய்கள் குதித்தன. இரண்டாம் வகையில் பெரும்பாலானவை குதிக்கவில்லை; படுத்து முனகிக்கொண்டு வாங்கிக்கொண்டன. தாம் செய்வது எதுவும் உலகத்தை மாற்றாது என்று அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று விளக்கம் சொல்லப்பட்டது. பரிசோதனையின் குரூரத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாயைச் சாதுவாக்குவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான செய்முறைக் குறிப்பு கிடையாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அதிகம் பேசப்படாதது அடுத்த வருஷம், 1968இல் நடந்தது. படுத்துவிட்ட நாய்களை மீட்க முடியுமா என்று பார்த்தார்கள். கூப்பிட்டுப் பார்த்தார்கள், தீனி காட்டினார்கள், பயனில்லை. கடைசியில் கழுத்தில் கயிற்றைக் கட்டித் தடுப்பு இருந்த இடத்தைத் தாண்டி மறுபக்கத்துக்கு இழுத்தார்கள். ஒருமுறை இரண்டுமுறை இல்லை, பலமுறை. இழுக்க இழுக்க எதிர்ப்பு குறைந்து, பிறகு நாய்கள் தாமாகவே போகத் தொடங்கின.

பயத்தைப் போக்குகிறேன் என்று கிளம்பும் எல்லாப் பலவந்தத்துக்கும் இது ஆதாரமாகிவிடக்கூடிய அபாயம் இருக்கிறது. 'நாலு நாள் தூக்கி மடியில் வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்' என்பவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் அந்த இழுப்பில் நாய் கற்றுக்கொண்டது என்ன? மறுபக்கத்தில் அதிர்ச்சி நின்றது. கால் அசைந்தால் வலி தீரும் என்பதைத்தான் கற்றுக்கொண்டது. இழுக்கிற கைக்குப் பணிய வேண்டும் என்பதை அல்ல. மடியில் அழுத்தி வைத்துக்கொள்பவரோ அதிர்ச்சியாக இருப்பதும் தானே, விடாமல் பிடித்திருப்பதும் தானே என்பதை மறந்துவிடுகிறார்.

ஏறத்தாழ ஐம்பது வருஷம் கழித்து, 2016இல், அதே இருவரும் தங்கள் முதல் விளக்கத்தைத் தாங்களே திருப்பிப் போட்டார்கள். எலிகளின் மூளையில் நடந்த ஆராய்ச்சிகளின் அடிப்படையில் அவர்கள் வந்து சேர்ந்த முடிவு: நீடித்த துன்பத்தில் உடம்பு செயலற்றுப்போவது கற்றுக்கொண்டதல்ல, உயிரின் இயல்பான முதல் பதில். கற்றுக்கொள்ளப்படுவது வேறொன்று. தன் செயலுக்கு விளைவு உண்டு என்பது. அது கற்கப்படும்போது மூளையின் முன்பகுதி அந்த உறைவை அடக்குகிறது. தத்துவம் படிக்கிறவர்கள் இத்திருத்தத்தைக் கவனிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. சுதந்திரம் பிறப்பிலேயே கிடைத்து பின்னால் பறிக்கப்படுவது என்ற நம் வழக்கமான சித்திரம் இங்கே தலைகீழாகிறது. உறைவு முதலில், விளைவுள்ள செயல் என்பது அனுபவத்தால் சம்பாதிக்கப்படுவது. அதைச் சம்பாதிக்க இன்னொருவர் இடம் விட வேண்டியிருக்கிறது.

நாய்க்கு இடம் விடுவது என்றால் ஸ்தூலமாக என்ன? காப்பகங்களில் அனுபவப்பட்டவர்கள் செய்வதைப் பார்த்தால் தெரியும். அறைக்குள் போய் நாய்க்குப் பக்கவாட்டில், அதைப் பார்க்காமல் தரையில் உட்கார்வது. குனிந்து கவியாமலிருப்பது. தீனியைக் கையில் நீட்டாமல் தூரத்தில் போடுவது, ஏனென்றால் நீட்டிய கையிலிருந்து பசியால் எடுக்கும் நாய் பயத்தோடுதான் எடுக்கிறது. எல்லாவற்றிலும் முக்கியமானது, நாய் முகத்தைத் திருப்பிக்கொண்ட மறுகணம் நாம் பின்வாங்குவது. இந்தக் கடைசிக் காரியத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முகம் திருப்பினேன், அந்தப் பெரிய உருவம் விலகிப் போயிற்று. என் சைகை உலகத்தில் ஒன்றை மாற்றியது. நூறு முறை இது நடந்த பிறகு, ஒருவேளை, மூக்கை நீட்டிப் பார்க்கலாம் என்று தோன்றும். மறுப்பதற்கு அதிகாரம் இல்லாத ஜீவனால் சம்மதிக்கவும் முடியாது. பயந்த நாய்க்கு முதலில் கொடுக்க வேண்டியது 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம். பிரியமெல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

இதிலும் எல்லை உண்டு. 1961இல் வெளியான ஒரு ஆராய்ச்சியில், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், உயரமான வேலிக்குள் ஒரு வயலில் நாய்க்குட்டிகளை மனிதத் தொடர்பின்றி வளர்த்தார்கள். சில குட்டிகளை வெவ்வேறு வயதில் ஒரு வாரம் மட்டும் எடுத்துப் பழக்கினார்கள். 14 வாரம் வரை எந்தப் பழக்கமும் இல்லாமல் விடப்பட்ட குட்டிகள் மனிதனைக் கண்டு காட்டு மிருகங்களாய் மிரண்டன. பிறகு பழக்கியும் பெரிதாக மாறவில்லை. ஆகவே ஒரு நாயின் பயம் ஒரு சம்பவத்தின் தழும்பாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. நடக்காமல் போன ஒன்றின் வெற்றிடமாகவும் இருக்கலாம். 'யாரோ இதை அடித்திருக்கிறார்கள்' என்று ஒரு வில்லனைக் கற்பித்துக்கொள்வது நமக்குச் சுலபம். வில்லன் இருந்தால் நாம் கதாநாயகன் ஆகிவிடலாம். அந்தக் கதை இல்லாமலேயே உதவ முடிகிறதா என்பதுதான் சோதனை.

4

இந்த இடத்தில் பேகனைப் பற்றிப் பேச வேண்டும். மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துப் போர்வையைக் கொடுத்தவன். நம் பாட நூல்களில் இவன் கொடையின் உச்சம். சங்கக் கவிஞர்கள் அவ்வளவு அப்பாவிகள் இல்லை. 'கொடைமடம்' என்ற சொல்லைப் பரணர் அவனைக் குறித்தே பயன்படுத்துகிறார். ஆராயாமல் கொடுப்பது. புகழ்ச்சிதான், ஆனால் 'மடம்' என்பதும் அதற்குள் இருக்கிறது. மயிலுக்கு இறகு இருக்கிறது. அதற்குப் போர்வை தேவைப்படவில்லை. பேகன் மயிலைப் பார்க்கவில்லை, மயிலின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தான். அவன் பெயரோடு சேர்ந்து வரும் இன்னொரு செய்தியை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவன் மனைவி கண்ணகி அவனால் பிரிந்து வாடினாள். அவளுக்காகக் கபிலர் முதற்கொண்டு நான்கு புலவர்கள் அவனிடம் போய்ப் பாடும்படி ஆயிற்று. மயிலின் நடுக்கம் (அது நடுக்கமே இல்லை) தெரிந்த கண்ணுக்கு மனைவியின் அழுகை தெரியவில்லை. முன்னே சொன்ன மழுங்கல் இதுதான்.

காப்பகத்துக்கு வருபவர்களில் பேகன்கள் அதிகம். ஒரு தம்பதி, இரண்டு குழந்தைகள், மிக நல்லவர்கள். மூன்று கால் நாயைப் பார்த்ததும் அந்தப் பெண்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. "நாங்க நல்லா பாத்துக்குவோம் சார். எங்க வீட்ல எப்பவும் ஆள் இருக்கும். பசங்க தூக்கி வச்சுக் கொஞ்சுவாங்க" என்றார். சொன்னதெல்லாம் உண்மையாக இருக்கும். அந்த உண்மைகள் ஒவ்வொன்றும் இந்த நாய்க்கு ஒரு தண்டனை. எப்போதும் ஆள் இருக்கும் வீட்டில் அது எப்போது தண்ணீர் குடிக்கும்? கொஞ்ச வரும் குழந்தையின் முகம் அதன் பல்லுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கும்? இதைச் சொன்னேன். அவர் முகம் வாடியது. 'அன்பு காட்டினால் மாறாதா' என்று கேட்டார். அன்பு என்பது நமக்குள் நடப்பது; நாய்க்குத் தெரிவது நம் கை எவ்வளவு வேகமாக வருகிறது என்பது மட்டும். அவர்கள் துள்ளிக்கொண்டிருந்த ஒரு குட்டியை எடுத்துப் போனார்கள். அந்தக் குட்டிக்கு அவர்களைவிடப் பொருத்தமான வீடு கிடைத்திருக்காது.

'நல்ல வீடு' என்றே எல்லோரும் கேட்கிறார்கள். நல்ல வீடு என்று ஒன்று பொதுவில் கிடையாது. வங்கியில் கடன் மனு பார்ப்பவர்களுக்குத் தெரியும்: நல்ல கடன்காரர் என்ற ஜாதி கிடையாது; இந்த வருமானத்துக்கு இந்தத் தவணை பொருந்துமா என்பதுதான் கேள்வி. ஜாமீன்தாரர் எவ்வளவு பெரிய மனிதர் என்பது தவணையைக் கட்டிவிடாது. செக்காவின் 'காஷ்டாங்கா' கதை 1887இல் வந்தது. ஒரு நாய் தச்சனிடமிருந்து தவறிப்போய் ஒரு சர்க்கஸ் கோமாளியிடம் வந்து சேர்கிறது. அவன் நன்றாகச் சோறு போடுகிறான், வித்தை கற்றுத் தருகிறான், புதுப் பெயர் வைக்கிறான், அடிப்பதில்லை. தச்சன் குடிகாரன், திட்டுபவன். அவன் மகன் அதைப் பலவிதமாக வதைத்தவன். முதல் நாள் சர்க்கஸில் கூட்டத்திலிருந்து பழைய குரல் கேட்டதும் நாய் எல்லாவற்றையும் விட்டு அவர்களிடம் ஓடிவிடுகிறது. செக்காவ் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆனால் நம் அளவுகோலை நாயின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். நாம் அளந்து வைத்த நன்மைகளுக்கும் அந்த ஜீவன் 'வீடு' என்று உணர்வதற்கும் நடுவில் உள்ள இடைவெளியை நம் நல்லெண்ணத்தால் நிரப்ப முடியாது.

அப்படியானால் நாலு வரி எழுதுகிறவன் என்ன எழுதுவது? வழக்கமான மாதிரிகள் உண்டு. 'அன்புக்கு ஏங்கும் செல்லப் பெண்', 'கொஞ்சம் கூச்ச சுபாவம்', 'உங்கள் அன்பு இவளை மாற்றும்.' நூல் பின்னட்டை வாசகங்களின் அதே மொழி, அதே இனிப்பு, அதே பொறுப்பின்மை. நான் எழுதிக் கொடுத்தது இது:

'பெண் நாய். மூன்று கால். மனிதர்களிடம் மிகுந்த பயம். தொட்டால் உறைந்துவிடும், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மற்ற நாய்களோடு பழகும். சின்னக் குழந்தைகள் இல்லாத, விருந்தாளிகள் அதிகம் வராத, நல்ல மதில் உள்ள வீடு வேண்டும். நிதானமான வேறு நாய் ஒன்று அங்கே இருந்தால் நல்லது. மாதக்கணக்கில் இதைத் தொட முடியாமல் போகலாம். எப்போதுமே முடியாமலும் போகலாம்.'

காப்பகத்தை நடத்துபவர் படித்துவிட்டு, "இப்படி எழுதினா யார் சார் வருவா?" என்றார். நியாயமான கேள்வி. உண்மை நாயின் வாய்ப்பைக் குறைக்கிறது, பொய் கூட்டுகிறது. ஒரு உயிரின் நலனுக்காகச் சொல்லும் பொய் எப்படித் தப்பாகும் என்று கேட்கலாம். என் பதில் தர்க்கத்தைவிட எண்ணிக்கையைச் சார்ந்தது. இந்த நாய்க்கு நூறு வீடு வேண்டாம், ஒன்று போதும். பொய் நூறு பேரை வரவழைத்து அந்த ஒருவரை அவர்களுக்குள் மறைத்துவிடுகிறது. தவறான வீட்டுக்குப் போய்த் திரும்பிவரும் நாய்க்கு நேர்வதும் லேசானதில்லை. காப்பகத்துக்குள் வரும் நாய்களின் ரத்தத்தில் கார்டிசால் முதல் மூன்று நாட்களில் மிக அதிகமாக இருப்பதை 1997இல் ஒரு ஆராய்ச்சி அளந்து காட்டியது. 2019இல் வெளியான இன்னொன்றில், காப்பக நாய்களை ஒன்றிரண்டு இரவு மட்டும் வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அங்கே கார்டிசால் இறங்கியது. திரும்பியதும் பழைய அளவுக்கே போய்விட்டது. திரும்பிவரும் நாயின் சீட்டில் 'கடித்தது' என்று ஒரு சொல்லும் சேர்ந்து வரும். அந்தச் சொல்லைக் கழுவ எந்த நாலு வரியாலும் ஆகாது. பொய்யின் வட்டியை நாய் கட்டுகிறது.

5

பொருத்தமான வீடு என்பது நான்கு சுவருக்குள்தான் இருக்க வேண்டுமா என்ற கேள்வியையும் தவிர்க்க முடியாது. சென்னை மாநகராட்சி ஒரு காலத்தில் தெருநாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவந்தது. கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்று புளூ கிராஸ் இந்நகரில் 1960களிலேயே சொல்லத் தொடங்கியும், மாநகராட்சி அதை ஏற்றது 1996இல்தான். 2001இல் வந்த மத்திய அரசின் விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2023இல் வந்தவையும், தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றன. அதாவது தெருமுனையும் ஒரு வீடு என்று சட்டம் ஒருவிதத்தில் ஒப்புக்கொண்டது. 2025 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம், தில்லியிலும் அதைச் சுற்றிலும் உள்ள தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் வைக்க வேண்டும், திரும்ப விடக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்று மாற்றியது. நவம்பர் 7இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்கவும், அங்கேயே திரும்ப விடாமலிருக்கவும் உத்தரவிட்டது.

நாய் கடித்து வெறிநோயில் குழந்தையைப் பறிகொடுத்த தாயின் முன் நின்று நாயின் உரிமை பேச நான் தயாராக இல்லை. அந்தக் குழந்தையின் பயமும் பயம்தான். ஆனால் 'காப்பகம்' என்று தீர்ப்பிலும் தலையங்கத்திலும் எழுதப்படும் சொல், 'சாது' போலவே, எதையோ மறைத்து நிற்கிறது. தெருவில் ஐம்பது அடி தூரம் வைத்துக்கொண்டு மனிதரிடையே வாழ்ந்த நாய்க்கு அந்த ஐம்பது அடிதான் வீடு. காப்பகத்தில் அது எட்டு அடியாகச் சுருங்குகிறது. பயத்தைத் தூரத்தால் சமாளித்த பிராணிக்கு இனி உறைவதும் கடிப்பதும்தான் மிச்சம். மிகப் பயந்த, ஆனால் காலும் கண்ணும் சரியாக உள்ள தெருநாய்க்குப் பல சமயம் பொருத்தமான வீடு அதன் தெருதான். தேவைப்படுவது ஊசியும் கருத்தடையும் அங்கே சோறு வைக்கும் ஒரு ஆளும். நான் சொல்லும் நாய்க்கு மூன்று கால். அதன் தெருவும் இல்லை. அதனால்தான் அதற்கு மதில் தேட வேண்டியிருந்தது.

6

நாலு மாதம் யாரும் வரவில்லை. பிறகு ஒருவர் வந்தார். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். வீட்டில் ஒரு கிழட்டு நாய். அறிவிப்பில் சொல்லப்பட்டவை பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "ராத்திரி அது எந்தப் பக்கம் பாத்துப் படுக்கும்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நாலு ஞாயிறு வந்து, அறைக்குள் நாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டுப் போனார். கடைசி இரண்டு முறை கிழட்டு நாயையும் கூட்டி வந்தார். அழைத்துப் போகும் நாளில் கழுத்துப் பட்டையோடு மார்பைச் சுற்றியும் ஒரு வார் கட்டி, இரண்டிலும் கயிறு போட்டோம். பயந்த நாய்கள் கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு ஓடித் தொலைந்துபோவது பெரும்பாலும் முதல் நாட்களில்தான். வண்டியில் மூடிய கூண்டில் போயிற்று.

முதல் பத்தொன்பது நாள் குளியலறையிலேயே இருந்தது. தட்டை உள்ளே தள்ளிவிட்டு அவர் கொல்லைப்புறக் குழாயில் குளித்துக்கொண்டார். பிறகு இரவில், கிழட்டு நாயின் பின்னால் முற்றத்துக்கு வரத் தொடங்கியது. தீபாவளிக்கு மூன்று நாள் கட்டிலடியில் கிடந்தது. இப்போது ஏழு மாதமாகிறது. அவர் இருக்கும் கூடத்தின் மறுகோடியில் வாசலைப் பார்த்துப் படுக்கிறது, மூலையைப் பார்த்து அல்ல. இன்றுவரை அவரைத் தொட விட்டதில்லை.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, 'பிறகு அவருக்கு என்ன லாபம்' என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. பல்லாயிரம் வருஷமாக நாய்க்கும் மனிதனுக்கும் இடையே இருந்துவரும் ஒப்பந்தத்தில் நாயின் தரப்பு வாலாட்டல் என்று நாம் நம்புகிறோம். மகாப்ரஸ்தானத்தில் தருமன் நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வர மறுக்கும் இடம், நம் மரபில் நாய்க்குக் கிடைத்த மிகப்பெரிய மரியாதை. ஆனால் அவன் வாதத்தைக் கவனித்தால், தன்னை நம்பிப் பின்தொடர்ந்து வந்ததைக் கைவிட மாட்டேன் என்கிறான். வழியெல்லாம் கூடவே வந்த நாய் அது. பக்தி செய்த நாய். பின்தொடராத நாய், தருமனைக் கண்டதும் பாறைக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்ளும் நாய், அதற்கு அந்தத் தர்மத்தில் இடம் உண்டா? இதிகாசம் அதைக் கேட்கவில்லை. கேட்காததோடு, கடைசியில் நாய் தர்மதேவதையாக மாறிவிடுகிறது. பரீட்சை முடிந்தது, பரிசு கிடைத்தது, நாய் காணாமல் போயிற்று. கைம்மாறு இல்லாமல் இருந்த ஒரு கணத்தையும் கதை பொறுத்துக்கொள்ளவில்லை.

கூடத்தின் மறுகோடியில் இருக்கும் நாய் எதுவாகவும் மாறப் போவதில்லை. நன்றியுள்ள பிராணி என்ற பட்டத்தையும் அது மறுத்துவிட்டது. அது தன் பயத்தோடு, ஆனால் இனி உறைய வேண்டிய அவசியமில்லாமல், ஒரு தூரத்தைத் தானே தீர்மானித்து இருந்துகொண்டிருக்கிறது. நம்மை விரும்பாத ஒன்றுக்கு நாம் கடமைப்பட்டிருக்க முடியுமா என்ற கேள்விக்குத் தத்துவத்தில் இதுவரை என்ன பதில் இருக்கிறதோ, நடைமுறையில் ஒருவர் ஏழு மாதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரை மகானாக்க எனக்கு விருப்பமில்லை. பிழை திருத்துபவருக்கு மூலப்பிரதியில் தன் விருப்பப்படி ஒரு வார்த்தையையும் மாற்ற அதிகாரம் கிடையாது. இருப்பதை இருப்பபடி வாசிக்க வேண்டும். அந்தத் தொழிலின் பழக்கம் இங்கே உதவியிருக்கலாம், அவ்வளவுதான்.

இது எல்லா நாய்களுக்குமான வழி என்று நான் சொல்லவில்லை. அந்தக் காப்பகத்தில் இன்னும் நூற்றுக்கு மேல் நாய்கள் இருக்கின்றன. பிழை திருத்துபவர்கள் அத்தனை பேர் இல்லை. வீடு கிடைக்காமலே அறையில் முடிந்துபோகும் நாய்க்கு என் நாலு வரியால் ஆனது என்ன என்று கேட்டால், எவருடைய கையும் பொய்யான நம்பிக்கையில் அதன் மேல் வந்து விழாமல் பார்த்துக்கொண்டேன் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சோறு வடிக்கும் அம்மாளிடம் போன வாரம் புதிதாக வந்த ஒரு கறுப்பு நாயைப் பற்றிக் கேட்டேன். "சாது சார்" என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டு, "பயப்படுது" என்றார். எழுத வேண்டிய நாலு வரியில் முதல் வரி அது.